கன்வேயர் நின்றால் அந்தப் பெட்டிக்குள் என்ன பார்க்கிறார்கள்?

கேள்வி:

வணக்கம் அண்ணா. எனக்கு 34 வயது. ஊரில் பி.காம். முடித்து ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். மனைவி வழியாகக் கிரீன் கார்டு கிடைத்து அமெரிக்கா வந்து மூன்று வருடம் ஆகிறது. பென்சில்வேனியாவில் ஒரு வேர்ஹவுஸில் இரவு ஷிஃப்ட். அங்கே கன்வேயர் நின்றுவிட்டால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி மீட்டரோடு வருவார். பேனல் பெட்டியைத் திறந்து கொஞ்ச நேரம் பார்ப்பார், அப்புறம் எங்கேயோ நடந்து போய் எதையோ சரிசெய்வார், எல்லாம் ஓட ஆரம்பித்துவிடும். அந்தப் பெட்டிக்குள் அவர் என்ன பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ளவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் எலக்ட்ரோமெக்கானிக்கல் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. சேரலாமா? சேர்ந்தால் நான் இன்ஜினியர் ஆவேனா? பிளஸ் டூவுக்குப் பிறகு கணக்குப் பக்கமே போனதில்லை. சாஃப்ட்வேரில் இருக்கும் என் மச்சான், "இந்த வயதில் ஸ்பானர் பிடிக்கப் போறியா? ஆறு மாதம் டெஸ்டிங் கோர்ஸ் படி" என்கிறார். செலவும் பயமாக இருக்கிறது. மனைவி மட்டும்தான் "சேருங்க" என்கிறாள்.

பதில்:

தம்பி, அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் மற்ற கேள்விகளுக்கான பதில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

நான் நாலு வருடப் பட்டத்தோடு ஆலைக்குள் நுழைந்த முதல் வருடம் நடந்தது இது. ஒரு கன்வேயர் மோட்டார் அடிக்கடி நின்றது. பேனலைத் திறந்தால் ஓவர்லோட் ரிலே, அதாவது மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் அதை நிறுத்திவிடும் காவல் கருவி, டிரிப் ஆகியிருக்கும். ரீசெட் அழுத்தினால் ஓடும், இருபது நிமிடத்தில் மறுபடி நிற்கும். ரிலேதான் கெட்டுவிட்டது என்று மாற்றினேன். மறுநாளும் நின்றது. வேறு ஒரு ரிலேயைப் போட்டேன். மூன்றாம் நாள் இரண்டு வருடப் படிப்பு படித்த ஒரு டெக்னீஷியன் வந்தார். அந்த மோட்டார் 5 குதிரைத்திறன், 460 வோல்ட். முழுச் சுமையில் 7.6 ஆம்பியர் அளவில் இழுக்கவேண்டும். கிளாம்ப் மீட்டரைப் போட்டுப் பார்த்தால் 10. மூன்று ஃபேஸிலும் ஒரே அளவு, அதனால் மின்சாரம் வருவதில் கோளாறு இல்லை. லைனை நிறுத்தி, யாரும் மின்சாரம் போட்டுவிடாதபடி சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு பெல்ட்டைக் கழற்றினார். மோட்டாரை மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்தார். மூன்றரை ஆம்பியர். அப்படியானால் மோட்டாரும் நன்றாக இருக்கிறது. எங்கேயோ பிடிக்கிறது. மறுபடி பூட்டிவிட்டு ரோலர் ரோலராகக் கையால் சுற்றிக்கொண்டே போய், கடைசி ரோலரின் பேரிங் முன் நின்றார். அது இறுகிப் போயிருந்தது. ரிலே தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. நான்தான் சேதி கொண்டுவந்தவனைத் தண்டித்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. மோட்டார் உறுமுகிறது, சுற்றமாட்டேன் என்கிறது. மெக்கானிக் மட்டும் தெரிந்தவர் ஏதோ சிக்கியிருக்கிறது என்று செயினைக் கழற்ற ஆரம்பிப்பார். பேனலில் ஒரு ஃபியூஸ் போய், மூன்று ஃபேஸில் ஒன்று செத்திருக்கும். நோய் ஒரு பக்கம், வலி இன்னொரு பக்கம். எலக்ட்ரோமெக்கானிக்கல் என்ற படிப்பின் விஷயமே இந்த இடம்தான். மின்சாரத்தைக் கொஞ்சம், இயந்திரத்தைக் கொஞ்சம் என்று இரண்டையும் அரைகுறையாகத் தருவது என்று சிலர் கேலி செய்வார்கள். அவர்கள் இரவு இரண்டு மணிக்கு நின்றுபோன லைன் முன்னால் நின்றதில்லை.

சரி, இன்ஜினியர் ஆவீர்களா? கல்லூரியின் விளம்பரத்தில் என்ன பெயர் இருந்தாலும், அதற்குப் பின்னால் இரண்டு வெவ்வேறு பாதைகள் இருக்கின்றன. ஒன்று 'அசோசியேட் ஆஃப் அப்ளைடு சயின்ஸ்', சுருக்கமாக ஏ.ஏ.எஸ். ஏறத்தாழ 60 கிரெடிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் புள்ளி) அல்லது அதற்குச் சற்று மேல் இருக்கும். சர்க்கியூட், மோட்டார் கன்ட்ரோல், பி.எல்.சி. (இதைப் பின்னால் விளக்குகிறேன்), ஹைட்ராலிக்ஸ், நியூமேட்டிக்ஸ், சென்சார், கொஞ்சம் ரோபோ என்று போகும். முடித்தவுடன் டெக்னீஷியன் வேலைக்குப் போவதற்காக அமைத்தது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் எலக்ட்ரோ-மெக்கானிக்கல், மெக்கட்ரானிக்ஸ் டெக்னீஷியன் என்று தனியாகவே ஒரு தொழிலைப் பட்டியலிடுகிறது. அதற்கு வழக்கமான தொடக்கத் தகுதியாகச் சொல்வது இந்த இரண்டு வருடப் பட்டத்தைத்தான். இன்னொன்று 'அசோசியேட் ஆஃப் சயின்ஸ்' என்ற ஏ.எஸ்.; இன்ஜினியரிங் என்று போட்டிருப்பார்கள். நாலு வருடப் படிப்பின் முதல் பாதியை இங்கே முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கானது. அதில் கால்குலஸ் மூன்று பாகம், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன், கால்குலஸோடு சேர்ந்த இயற்பியல் எல்லாம் வரும். மோட்டாரைக் கண்ணால்கூடப் பார்க்காமல் இரண்டு வருடமும் ஓடிவிடலாம்.

நீங்கள் சொல்லும் படிப்பு பெரும்பாலும் முதல் வகைதான். அதை முடித்தால் கையில் கிடைப்பது இன்ஜினியர் பட்டம் இல்லை, இன்ஜினியரிங் டெக்னாலஜி. இந்த நாட்டில் இந்த இரண்டும் தனித்தனி. பட்டப்படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அபெட் அமைப்பே இன்ஜினியரிங்குக்கு ஒரு குழு, டெக்னாலஜிக்கு இன்னொரு குழு என்று பிரித்து வைத்திருக்கிறது. பி.இ. (புரொஃபஷனல் இன்ஜினியர்; நம் ஊர் பி.இ. பட்டம் அல்ல) என்ற லைசென்ஸ் வாங்கி வரைபடத்தில் முத்திரை குத்தவேண்டும் என்றால் முதல் குழுவின் அங்கீகாரம் உள்ள நாலு வருடப் பட்டமும், எழுத்துத் தேர்வுகளும், நான்கு வருட அனுபவமும் கேட்பது வழக்கம். டெக்னாலஜி பட்டத்தை ஏற்கும் மாநிலங்களும் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் அனுபவ வருடங்களைக் கூட்டிவிடுவார்கள். ஆலைக்குள் வேலை பார்ப்பவர்களில் இந்த லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் சொற்பம். நான் வாங்கவில்லை, அது இல்லாமல் எதுவும் நின்றதுமில்லை. ஊரில் அம்மாவிடம் என்ன சொல்வது என்பதுதான் உங்கள் கவலை என்றால், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

உங்கள் மாநிலத்தில் ஒரு வசதி இருக்கிறது. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பெர்க்ஸ், ஆல்டூனா போன்ற வளாகங்களில் எலக்ட்ரோ-மெக்கானிக்கல் இன்ஜினியரிங் டெக்னாலஜி என்ற பெயரிலேயே நாலு வருடப் பட்டம் தருகிறார்கள். ஏ.ஏ.எஸ். முடித்து, வேலையில் சேர்ந்து, பிறகு மனம் இருந்தால் அந்தப் பக்கம் போகலாம். ஆனால் உங்கள் கிரெடிட்டில் எத்தனையை ஏற்பார்கள் என்பதைச் சேருவதற்கு முன்பே, எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "டிரான்ஸ்ஃபர் ஆகும்" என்று வாயால் சொல்வதை நம்பாதீர்கள். பொது கிரெடிட்டாக எடுத்துக்கொண்டு, பட்டத்துக்குக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் டிரான்ஸ்ஃபர்தான்.

இப்போது கணக்கு. நான் வாரத்தில் இரண்டு மாலை ஒரு கம்யூனிட்டி காலேஜில் லேப் எடுக்கிறேன். என் மாணவர்களில் பாதிப் பேரின் எதிர்காலத்தை முடிவுசெய்தது அவர்கள் முதல் செமஸ்டரில் எந்தக் கணக்கு வகுப்பில் உட்கார்ந்தார்கள் என்பதுதான். ஏ.ஏ.எஸ். மாணவர்களுக்குப் பல இடங்களில் 'டெக்னிக்கல் மேத்' என்று ஒன்றை வைத்திருப்பார்கள். மோசமான வகுப்பு இல்லை. ஆனால் அது முட்டுச்சந்து. அதற்கு அடுத்த படி என்று ஒன்று கிடையாது. என் மாணவர் ஒருவர் அதை எடுத்து, நல்ல மதிப்பெண்ணோடு முடித்து, வேலையும் பார்த்து, 31 வயதில் நாலு வருடப் பட்டம் படிக்க ஆசைப்பட்டார். அல்ஜீப்ராவிலிருந்து மறுபடி தொடங்கவேண்டியதாயிற்று. அதனால் நான் சொல்வது இது: சேருவது ஏ.ஏ.எஸ்.ஸாக இருக்கட்டும், கணக்கை மட்டும் அந்த ஏ.எஸ். பாதையிலிருந்து எடுங்கள். காலேஜ் அல்ஜீப்ரா, அப்புறம் டிரிக்னாமெட்ரியோ பிரீ-கால்குலஸோ. உங்கள் பட்டத்துக்கு அது செல்லுமா என்று அட்வைசரிடம் கேளுங்கள், பெரும்பாலும் செல்லும். கதவு திறந்தே இருக்கும். நுழைவதா வேண்டாமா என்பதை இரண்டு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பயப்படாதீர்கள் என்று சொல்லப்போவதில்லை. கொஞ்சம் பயப்படத்தான் வேண்டும். ஆனால் லேபில் தினமும் புழங்குகிற கணக்கு என்ன மாதிரி இருக்கும் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை ஒரு சென்சார் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையான மின்னோட்டமாக அனுப்பும். 4 என்றால் காலி, 20 என்றால் நிறைந்துவிட்டது. இப்போது 12 வருகிறது. 12-ல் 4-ஐக் கழித்தால் 8, மொத்த நீளம் 16, ஆக பாதித் தொட்டி. அவ்வளவுதான். ஆடிட்டர் அலுவலகத்தில் இதைவிடச் சிக்கலான சதவீதம் போட்டிருப்பீர்கள். ஏன் பூஜ்யத்தில் தொடங்காமல் 4-ல் தொடங்குகிறார்கள் என்பது உங்களுக்கு உடனே பிடிபடும். ஒயர் அறுந்தால் வருவது பூஜ்யம். தொட்டி காலியா, சேதியே வரவில்லையா என்பதைப் பிரித்துப் பார்க்கவேண்டும். நிலுவை பூஜ்யம் என்பதும், பேரேட்டில் அந்தப் பக்கமே காணோம் என்பதும் ஒன்றா?

பி.எல்.சி. என்ற சொல் உங்களை மிரட்டக்கூடும். அதுதான் பேனலுக்குள் இருக்கும் சிறு கம்ப்யூட்டர். 1968-இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவு, நூற்றுக்கணக்கான ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) அடுக்கிய அலமாரிகளை ஒவ்வொரு முறையும் மறுபடி ஒயரிங் செய்து அலுத்துப்போய், மாற்று வேண்டும் என்று கேட்டது. டிக் மார்லியும் அவருடைய கூட்டாளிகளும் கொடுத்த விடைதான் மோடிகான் 084. அது அவர்களுடைய நிறுவனத்தின் 84-ஆவது திட்டம், அதனால் அந்த எண். இந்தக் கருவிக்கு நிரல் எழுதும் 'லேடர் லாஜிக்' ஏணிப் படம் மாதிரி இருப்பதற்குக் காரணம், ஆலையில் ஏற்கெனவே ரிலே வரைபடம் படிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியன் இதையும் படிக்கவேண்டும் என்பதுதான். கம்ப்யூட்டர் படித்தவருக்காக அல்ல, ஷிஃப்டில் இருப்பவருக்காக உண்டானது. அதனால் பி.காம். என்று கூச்சப்படவேண்டாம். அந்த வகுப்பின் முதல் மாதத்திலேயே உங்களுக்கு வரப்போகிற பாடத்தில் ஸ்டாப் பட்டன் எப்போதும் மூடிய தொடர்பாகவே, அதாவது மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும்படி, இணைக்கப்பட்டிருக்கும். அழுத்தினால் தொடர்பு திறந்து மின்சாரம் நிற்கும். 'மாற்றிப் போட்டால் என்ன' என்று எல்லோரும் கேட்பார்கள். மாற்றிப் போட்டால், ஒயர் அறுந்த நாளன்று பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் இயந்திரம் நிற்காது.

கல்லூரியில் சேர்க்கை கடினமில்லை. கம்யூனிட்டி காலேஜ் பெரும்பாலும் எல்லோருக்கும் கதவு திறந்து வைப்பது. ஆனால் எந்தக் கணக்கிலிருந்து தொடங்குவது என்று ஒரு பிளேஸ்மென்ட் தேர்வு வைப்பது வழக்கம். அதைச் சாதாரணமாக நினைத்துத் தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மதிப்பெண் குறைந்தால் அடிப்படை வகுப்புகளில் போடுவார்கள். அவற்றுக்குப் பணம் உண்டு, பட்டத்துக்குக் கிரெடிட் கிடையாது. ஆறு வாரம் கான் அகாடமி என்ற இணையதளத்தில் அல்ஜீப்ரா பார்த்துவிட்டு எழுதுங்கள். இலவசம்தான். பின்னம், அடுக்கு, ஒரு மாறி உள்ள சமன்பாடு, கொஞ்சம் முக்கோணம். இதற்குமேல் இப்போது வேண்டாம்.

பணத்தைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. கிரீன் கார்டு இருப்பதால், கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா படிவம் நிரப்பலாம், மத்திய அரசின் கல்விக் கடனுக்கும் நீங்கள் தகுதி. ஆனால் பெல் கிராண்ட், அதாவது திருப்பிக் கட்டவேண்டாத உதவி, ஏற்கெனவே இளங்கலைப் பட்டம் வாங்கியவர்களுக்குக் கிடையாது. வெளிநாட்டுப் பட்டமும் அதில் அடக்கம். உங்கள் பி.காம். இங்கே வேலைக்கு உதவாமல் போனாலும் இதற்குத் தடையாக வந்து நிற்கும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் மறைக்காதீர்கள். படிவத்தில் பட்டம் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றே எழுதுங்கள். மறைத்து வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்டால் குடும்பம் தாங்காது.

அதே பி.காம். இன்னொரு வகையில் கைகொடுக்கும். வெளிநாட்டுப் படிப்பு இங்கே எதற்குச் சமம் என்று மதிப்பிடும் நிறுவனங்களுக்கு நேசஸ் என்று ஒரு கூட்டமைப்பு உண்டு; அதைச் சேர்ந்த நிறுவனம் ஒன்றில், பாடவாரியான அறிக்கை வாங்குங்கள். ஆங்கிலம், பொருளாதாரம், புள்ளியியல் போன்ற பொதுப் பாடங்களில் சிலவற்றை உங்கள் கல்லூரி ஏற்கக்கூடும். ஏற்கும் ஒவ்வொரு பாடமும் ஒரு செமஸ்டர் மாலை நேரத்தை மிச்சப்படுத்தும்.

கட்டணத்தில் பென்சில்வேனியாவுக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. கல்லூரிக்கு நிதி தரும் கவுண்டியிலோ பள்ளி மாவட்டத்திலோ இருப்பவருக்கு ஒரு கட்டணம், அதே மாநிலத்தில் வேறு இடத்தில் இருப்பவருக்கு அதைவிட அதிகம், வெளிமாநிலத்தவருக்கு இன்னும் அதிகம். வீடு மாறுகிற யோசனை இருந்தால் இதைப் பார்த்துவிட்டு மாறுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் வேர்ஹவுஸின் எச்.ஆரிடம் போய் டியூஷன் உதவி உண்டா என்று கேளுங்கள். வருடத்துக்கு 5,250 டாலர் வரை நிறுவனம் ஊழியரின் படிப்புக்குக் கொடுத்தால் அது வருமான வரிக்குள் வராது; அதனாலேயே பல பெரிய நிறுவனங்கள் அந்த அளவுக்கு ஒரு திட்டம் வைத்திருக்கின்றன. பகுதி நேரமாகப் படிப்பவருக்குக் கம்யூனிட்டி காலேஜ் செலவில் பெரும்பங்கை அதுவே தின்றுவிடும். முதலில் நீங்கள் கட்டி, பாஸ் செய்த பிறகு திருப்பித் தருவதாக இருக்கலாம். எத்தனை மாதம் அங்கேயே வேலையில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இரவு ஷிஃப்டோடு முழு நேரமும் படிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு செமஸ்டருக்கு இரண்டு பாடம், ஆறு ஏழு கிரெடிட். கோடையிலும் எடுத்தால் மூன்றரை வருடத்தில் முடியும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சர்க்கியூட் முடித்தால்தான் மோட்டார் கன்ட்ரோல், அது முடித்தால்தான் பி.எல்.சி. என்று சங்கிலியாகக் கோத்திருப்பார்கள். பின்னால் வரும் பாடங்களைச் சிறிய கல்லூரிகளில் வருடத்துக்கு ஒரே முறைதான் நடத்துவார்கள். ஒன்றைத் தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு. ஆகவே பொதுப் பாடங்களைப் பின்னால் தள்ளிவிட்டு, இந்தச் சங்கிலியை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டம் முடியும் முன்பே பி.எல்.சி. வரை வந்துவிட்டால் வேலை தேட ஆரம்பித்துவிடலாம். பாதிப் படிப்பில் வேலை கிடைத்துப் போன மாணவர்கள் எனக்கு உண்டு. பட்டத்தை முடிக்காமல் விட்டவர்களும் அவர்களில் உண்டு, அதில் எனக்கு வருத்தம்தான்.

இனி மச்சான் சொன்னதற்கு வருகிறேன். வயது பிரச்சினையே இல்லை. என் மாலை வகுப்பில் இருபது வயதுப் பையன்கள்தான் சிறுபான்மை. டெஸ்டிங் கோர்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், அந்தத் துறை எனக்குத் தெரியாது. ஆனால் கடிதத்தில் நீங்கள் வெறி என்று எழுதியது அந்தப் பெட்டியைப் பற்றி, டெஸ்டிங்கைப் பற்றி அல்ல. ஸ்பானர் பற்றி அவர் சொன்னது உண்மைதான். கையில் கிரீஸ் ஒட்டும், பிளாட்ஃபாரம் மேல் ஏறவேண்டியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை போன் வரும். அது ஒத்துவராது என்றால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

அதற்கு, பணம் கட்டும் முன் லேபைப் பார்க்கக் கேளுங்கள். எந்தக் கல்லூரியும் காட்டும். வகுப்பறையைப் பார்த்துப் பயனில்லை, லேபைப் பாருங்கள். ஒரு மேஜைக்கு எத்தனை பேர்? இருவர் என்றால் நல்லது, ஐந்து பேர் என்றால் நாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். பி.எல்.சி.க்கள் ஆலென்-பிராட்லி, சீமென்ஸ் போன்ற எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், இப்போது ஆலைகளில் ஓடுகிற தலைமுறையா, இல்லை யாரோ நன்கொடையாகத் தந்த பழையதா? மேஜைமேல் தூசி படிந்திருக்கிறதா? கோளாறு கண்டுபிடிக்கும் பயிற்சி எப்படி நடத்துகிறீர்கள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். நான் மாணவர்கள் வருவதற்கு முன் ஒரு ஒயரைக் கழற்றியோ ஃபியூஸை மாற்றியோ வைத்துவிடுவேன். கண்டுபிடிக்கிறவரை யாரும் வீட்டுக்குப் போகமுடியாது. இப்படி ஏதாவது ஒன்றை அவர் சொன்னால் அந்தக் கல்லூரியில் சேருங்கள். எல்லாம் கம்ப்யூட்டர் சிமுலேஷனில்தான் என்றால், இன்னொரு கல்லூரியையும் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அப்புறம் அந்தப் பெண்மணி. மூன்று வருடமாக அவரைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், இன்னும் பேசவில்லை போலிருக்கிறது. அவர் எங்கே படித்தார், எந்தக் கல்லூரியிலிருந்து உங்கள் நிறுவனம் ஆள் எடுக்கிறது என்பதெல்லாம் என்னைவிட அவருக்குத்தான் தெரியும். அடுத்த முறை கன்வேயர் நிற்கும்போது, உங்கள் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, நின்று பார்க்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். வேலையை முடிக்கவிட்டு அப்புறம் கேள்வி கேளுங்கள். பேனல் திறந்திருந்தால் அதற்குள் 480 வோல்ட் இருக்கும். குறைந்தது மூன்றரை அடி தள்ளி நில்லுங்கள். அவர் இன்னும் பின்னால் போகச் சொன்னால் ஏன் என்று கேட்காமல் போய்விடுங்கள்.